திங்கட்கிழமைத் தண்ணீர்

வணக்கம் நேயர்களே.

உங்கள் வீட்டில் பிளாஸ்டிக் குடம் ஒன்று இருக்கும். தளும்பப் பிடித்தால் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் தண்ணீர். அதைத் தூக்கி இடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் குடத்தால் 15 குடம் தண்ணீரை மனசில் எண்ணி வையுங்கள். 1880-களில் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்துத் துணியைத் துவைக்க அவ்வளவு தண்ணீர் வேண்டும். ஒரு தடவை துவைக்க, ஒரு தடவை கொதிக்கவைக்க, ஒரு தடவை அலச, ஆக 50 காலன். நம் கணக்கில் 190 லிட்டர். எடை 180 கிலோவுக்கு மேல். அத்தனையும் கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ தெருக் குழாயிலிருந்தோ கையால் தூக்கி வந்த தண்ணீர். அங்கே இடுப்பில் குடம் வைக்கும் பழக்கம் கிடையாது, கைக்கு ஒரு வாளி. வாளியின் கம்பி விரலை அறுக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது வருஷத்து அமெரிக்க வீடுகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ரயில் பாதை, தொலைபேசி, மின்விளக்கு என்று அந்தக் காலத்தைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அதெல்லாம் உண்மை. வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது எடை. உள்ளே தூக்கி வர வேண்டிய எடை, அப்புறம் வெளியே தூக்கிப் போய்க் கொட்ட வேண்டிய எடை. வந்த தண்ணீர் அழுக்குத் தண்ணீராக வெளியே போக வேண்டும். வந்த நிலக்கரி சாம்பலாகப் போக வேண்டும். இரண்டு பக்கமும் சுமை, இரண்டும் பெரும்பாலும் பெண்களின் கையில்.

1886-ல் வட கரோலினா விவசாயிகள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு குடியானவர் வீட்டுப் பெண் நாளுக்கு எட்டு முதல் பத்து நடை தண்ணீர் எடுக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு அவள் நடப்பது 148 மைல், சுமப்பது 36 டன். மைலைக் கிலோமீட்டர் ஆக்கினால் ஏறத்தாழ 240. விவசாயிகள் சங்கம் என்றால் பயிர் விலை, கடன் வட்டி, ரயில் கட்டணம் என்று பேசுகிற இடம். அங்கே ஒருவர் தண்ணீர்க் குடத்தைக் கணக்கில் எடுத்தார் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, அந்தத் துவைப்பு எப்படி நடந்தது? திங்கட்கிழமைதான் துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே துணியைப் பிரித்து, வெள்ளை தனி, சாயத் துணி தனி, வேலைக்குப் போட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்குத் துணி தனி என்று மரத் தொட்டிகளில் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போடுவார்கள். விடியுமுன்னே எழுந்து அடுப்பைப் பற்றவைத்து நீள்வட்டமான செப்புக் கொப்பரையை அதன் மேல் ஏற்ற வேண்டும். வரிவரியாக மடிப்பு வைத்த துத்தநாகத் தகடு பதித்த பலகை ஒன்று உண்டு. துணியைச் சோப்புப் போட்டு அந்தப் பலகையில் தேய்க்க வேண்டும். நம் துவைகல் மாதிரி அடித்துத் துவைப்பது இல்லை, முட்டி தேயத் தேயத் தேய்ப்பது. பிறகு பிழிந்து கொப்பரையில் போட்டு, சோப்பைச் சீவிப் போட்டு, கட்டையால் கிளறிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். நம் ஊர் வெள்ளாவியில் உவர்மண் பார்த்த வேலையை அங்கே சாம்பல்நீர் மாதிரியான காரம் பார்த்தது. கம்பளித் துணியை மட்டும் கொப்பரையில் போடக் கூடாது. போட்டால் பெரியவர் சட்டை குழந்தைக்குத்தான் ஆகும்.

கொதித்த துணியைக் கட்டையால் தூக்கி அலசல் தொட்டியில் போடுவார்கள். கொதிநீர் குடித்த விரிப்பு என்ன கனம் கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அலசின பிறகு நீலம். நமக்குத் தெரிந்த அதே சொட்டு நீலம்தான். மஞ்சள் பாய்ந்த வெள்ளைத் துணி நீலம் பட்டால் வெளுப்பாகத் தெரியும். இதில் ஒரு தொல்லை உண்டு. அன்று கடையில் விற்ற நீலங்களில் பல இரும்புச் சத்தால் ஆனவை, பிரஷ்ய நீலம் என்பார்கள். துணியில் சோப்பும் காரமும் கொஞ்சம் தங்கியிருந்தால் அந்த நீலம் சிதைந்து இரும்பு தனியே பிரிந்துவிடும். தொட்டியில் ஒன்றும் தெரியாது. மறுநாள் சூடான இஸ்திரி பட்டதும் வெள்ளை விரிப்பில் பழுப்பாகத் துருக் கறை எழும்பும். நாள் முழுக்க உழைத்த உழைப்பு வீண். அதனால்தான் நன்றாக அலசு, நன்றாக அலசு என்று தாய்மார்கள் பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நன்றாக அலசுவது என்றால் இன்னொரு தொட்டித் தண்ணீர். நான் சொன்ன 50 காலன் ஒரே ஒரு அலசலுக்கான கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

துவைத்த தண்ணீரையும் லேசில் கொட்டிவிட மாட்டார்கள். வெள்ளைத் துணிக்குப் பயன்பட்ட சோப்பு நீரில் சாயத் துணி, அதே நீரில் வேலைத் துணி, கடைசியில் அதே நீரில் தரை கழுவுவது. குளிர்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகை மாதிரி உறைந்துபோகும். உறைந்த துணியை மடக்கினால் இழை முறியும் என்பதால் அப்படியே விறைப்பாகச் சுமந்து உள்ளே கொண்டுவந்து சாய்த்து வைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை இஸ்திரி. நம் இஸ்திரிப் பெட்டிக்குள் கரி போடுவோம். அங்கே பெரும்பாலும் கெட்டியான இரும்புக் கட்டி, இரண்டு மூன்று கிலோ. அடுப்பின் மேல் இரண்டு மூன்றை வரிசையாக வைத்துவிட்டு, ஒன்று ஆறினால் அடுத்ததை எடுக்க வேண்டும். பிடியும் இரும்பு என்பதால் அதுவும் சுடும், துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். 1871-ல் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேரி பாட்ஸ் என்ற பெண்மணி கழற்றி மாட்டும் மரப்பிடிக்குக் காப்புரிமை பெற்றார். பிடி ஒன்று, கட்டி மூன்று. அடுப்பில் கிடப்பது கட்டி மட்டும், பிடி எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். தன் கையால் இஸ்திரி போட்டவருக்குத்தான் இந்த யோசனை வரும். ஆனால் அடுப்பு எரிந்தாக வேண்டும் என்பதை அந்தப் பிடியாலும் மாற்ற முடியவில்லை. ஜூலை வெயிலிலும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுதான் இஸ்திரி.

துவைக்கும் இயந்திரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கைப்பிடியைச் சுற்றும் இயந்திரங்களுக்கு 1850-களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார்கள். இரண்டு உருளைக்கு நடுவே துணியை விட்டுப் பிழியும் கருவி பல வீடுகளில் இருந்தது. அவை கையின் வலியைக் கொஞ்சம் குறைத்தன. ஆனால் எந்த இயந்திரமும் கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வரவில்லை, சுடவைக்கவில்லை, கொண்டுபோய்க் கொட்டவில்லை. குழாய் வராத வீட்டில் இயந்திரம் வந்து என்ன பயன்?

அடுப்புக்கு வருகிறேன். 1899-ல் பாஸ்டன் நகரில் வீட்டு நிர்வாகம் கற்பிக்கும் பள்ளி ஒன்றில், நிலக்கரி அடுப்பை ஆறு நாள் எரித்து ஒவ்வொரு வேலைக்கும் எடுத்த நேரத்தைக் குறித்தார்கள். சாம்பல் சலிக்க 20 நிமிஷம். எரியாத கரித்துண்டைப் பொறுக்கி மறுபடி போடத்தான் இந்தச் சலிப்பு. தீ மூட்ட 24 நிமிஷம். தீயைக் கவனித்துக்கொள்ள 1 மணி 48 நிமிஷம். சாம்பல் கொட்ட 30 நிமிஷம். கரி சுமக்க 15 நிமிஷம். எல்லாவற்றையும் விட அதிகம் எது தெரியுமா? அடுப்புக்குக் கறுப்பு பூச 2 மணி 9 நிமிஷம். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, பென்சிலில் இருக்கிறதே கிராஃபைட், அதைக் குழைத்துப் பூசித் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கூட்டினால் ஆறு நாளில் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். இதில் சமையல் சேரவில்லை. அடுப்பை அடுப்பாக வைத்திருக்க மட்டும் இவ்வளவு. எரிந்த கரி 292 பவுண்டு, அதாவது 130 கிலோவுக்கு மேல்.

மரமே இல்லாத நெப்ராஸ்கா, கான்சாஸ் சமவெளிக்குக் குடியேறினவர்களுக்கு இந்தக் கரியும் வாய்க்கவில்லை. காய்ந்த மாட்டுச் சாணம், சோளக் கட்டை, முறுக்கிக் கட்டிய வைக்கோல், இவைதான் விறகு. வறட்டியின் அருமை நமக்குத் தெரியும், நின்று எரியும். வைக்கோல் அப்படி இல்லை. போட்டதும் பற்றி அடங்கிவிடும். அதனால் ஒருவர் சமைக்க, இன்னொருவர், பெரும்பாலும் பிள்ளைகள், வைக்கோலை முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போதுதான் வானொலியைத் திறந்தவர்களுக்காக ஒரு வரி: ஒரு வாரத் துணிக்கு 15 குடம் தண்ணீர், அதைத் தூக்கினது யார் என்பதுதான் பேச்சு. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அமெரிக்கக் குடும்பங்கள் முதலில் இறக்கிவைக்க நினைத்த வேலை இந்தச் சலவைதான். இறக்கிவைத்தால் இன்னொருத்தி தலையில் ஏற வேண்டுமே. தெற்கு மாநிலங்களில் அந்த இன்னொருத்தி கறுப்பினப் பெண்.

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமை முறை ஒழிந்தது 1865-ல். அதற்கப்புறம் அங்கே கூலிக்குப் போன கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வீட்டு வேலைதான், அதிலும் பெரும் பகுதி சலவை. அவர்களே சலவையை விரும்பவும் செய்தார்கள். எஜமானி வீட்டுச் சமையலறையில் நாள் முழுக்க நிற்க வேண்டாம். திங்கட்கிழமை மூட்டையை வாங்கி வந்தால், தன் வீட்டு முற்றத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரியோடு சேர்ந்து வேலை பார்க்கலாம். சனிக்கிழமை மடித்து எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும்.

ஆனால் சம்பளத்தைக் கேளுங்கள். மாசத்துக்கு 4 முதல் 8 டாலர். சோப்பு, கஞ்சிமாவு, விறகு எல்லாம் அவள் செலவு. அந்தச் செலவைக் குறைக்கக் காரநீரை வைத்துச் சோப்பைத் தானே காய்ச்சினாள், கோதுமைத் தவிட்டிலிருந்து கஞ்சி எடுத்தாள், பீர்ப் பீப்பாயைப் பாதியாக அறுத்துத் தொட்டி ஆக்கினாள். சோப்புக் காய்ச்சுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. விறகுச் சாம்பலில் தண்ணீர் விட்டு வடிக்கும் காரநீரில் ஒரு முட்டையை விடுவார்கள். முட்டை மூழ்கினால் காரம் போதாது, சோப்புச் சேராமல் கொழுப்பாக நிற்கும். மேலே ஒரு சின்னக் காசு அளவு தெரிகிற மாதிரி மிதந்தால் பதம். அதற்கு மேலே எழும்பினால் காரம் அதிகம், அந்தச் சோப்பு கைத்தோலை அரிக்கும்.

1881 ஜூலையில் அட்லாண்டாவில் இந்தப் பெண்கள் 20 பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். கேட்டது ஒன்றுதான்: 12 பவுண்டு துணிக்கு, அதாவது ஐந்தரைக் கிலோவுக்கு, 1 டாலர். யாராக இருந்தாலும் ஒரே கூலி. அது கிடைக்கும்வரை வேலையை நிறுத்தினார்கள். தேவாலயக் கூட்டங்களில் பேசினார்கள், வீடு வீடாகப் போனார்கள். மூன்று வாரத்தில் 20 பேர் 3,000 பேரானார்கள். வெள்ளைக்காரச் சலவைப் பெண்கள் சிலரும் சேர்ந்தார்கள். நகரத்தில் ஈரத் துணி மூட்டைகள் அப்படியே திரும்பி வந்தன. 

காவல்துறை சிலரைப் பிடித்தது, அபராதம் விழுந்தது. சங்கத்தில் இருப்பவர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்று நகர மன்றத்தில் தீர்மானம் வந்தது. மாசம் 4 டாலர் வாங்குகிறவளுக்கு அது ஆறு மாசத்துக்கு மேற்பட்ட சம்பளம். பெண்கள் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். 25 என்ன, 50 டாலரானாலும் கட்டுகிறோம், ஆனால் நகரம் முழுவதற்கும் கூலியை நாங்கள்தான் நிர்ணயிப்போம் என்றார்கள். பயமுறுத்தக் கொண்டுவந்த கட்டணத்தையே தங்கள் உரிமைச் சீட்டாக மாற்றிக்காட்டின அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. கடைசியில் மன்றம் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை வருகிறது. நியூயார்க் அடுக்குக் குடியிருப்புகளை விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகத்தான் முடியும். அந்த நகரத்துக்குக் குரோட்டன் ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே 1842-லேயே வந்துவிட்டது. ஆனால் ஏழைகள் குடியிருந்த பழைய கட்டடங்களில் அது முற்றத்துக் குழாயோடு நின்றுவிட்டது. ஐந்து மாடி படியேற வேண்டும், இரண்டு வாளியோடு. பிறகு கட்டினவற்றில் மாடிக்கு ஒரு தொட்டி, நடைவழியில், நான்கு குடும்பத்துக்குப் பொதுவாக. 1894-ல் குடியிருப்புகளை ஆராய்ந்த குழு 2,55,033 பேரைக் கணக்கெடுத்தது. வீட்டுக்குள் குளிக்க வசதி இருந்தவர்கள் 306 பேர்.

1901-ல் வந்த சட்டம், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர்க் கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. பழைய கட்டடங்களுக்கு அந்த விதி அவ்வளவு கடுமையாக இல்லை. முற்றத்துக் குழாயை நம்பியிருந்த மாடி வீட்டில், திங்கட்கிழமை மேலே ஏறின 15 குடமும் சாயங்காலம் சோப்பும் அழுக்குமாக அதே படியில் கீழே இறங்க வேண்டும்.

நன்றி. வணக்கம்.