ஒரே பெயர், இரண்டு கார்டு

வணக்கம், நேயர்களே.

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். "புது கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் போதாது. பழையது ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா?" வாங்கலாம். ஆனால் எதை வாங்குவது என்று தேட ஆரம்பித்தால் எண்களாக வந்து விழும். 970, 1060, 480, 580, 1650. எண் பெரிதாக இருந்தால் கார்டும் பெரிது என்று நினைத்துக்கொள்வோம். அந்த நினைப்பைக் கொஞ்சம் கலைப்பதற்குத்தான் இந்தப் பேச்சு.

பழைய கார்டை எடைபோடும்போது பெயரைக் கடைசியாகப் பாருங்கள். மெமரியை முதலில் பாருங்கள். மெமரி என்றால் இரண்டு விஷயம். தொட்டி எவ்வளவு பெரிது என்பது ஒன்று, தொட்டியிலிருந்து வருகிற குழாய் எவ்வளவு அகலம் என்பது இன்னொன்று. தொட்டியின் அளவை 2 ஜிபி, 4 ஜிபி, 8 ஜிபி என்று சொல்கிறார்கள். குழாயின் அகலத்தை நொடிக்கு இத்தனை ஜிபி என்று சொல்கிறார்கள். அட்டைப்பெட்டியில் தொட்டியின் அளவு கொட்டை எழுத்தில் இருக்கும். குழாயின் அகலத்தை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேடாவிட்டால் என்ன ஆகும்? 2017இல் என்விடியா நிறுவனம் ஜிடி 1030 என்று ஒரு சின்னக் கார்டை வெளியிட்டது. 384 கோர், அதாவது கணக்குப் போடுகிற சின்னச் சின்னப் பிரிவுகள், 2 ஜிபி மெமரி. மெமரி ஜிடிடிஆர்5, அதாவது கிராபிக்ஸ் கார்டுக்கென்றே உள்ள வேகமான வகை, நொடிக்கு 48 ஜிபி. எளிய கேம்களுக்குப் போதும். அடுத்த ஆண்டு அதே பெயரில் இன்னொரு கார்டு வந்தது. அதே 384 கோர், அதே 2 ஜிபி. மெமரி மட்டும் டிடிஆர்4, அதாவது கம்ப்யூட்டரின் சாதாரண ராமில் இருக்கிற வகை. நொடிக்குச் சுமார் 17 ஜிபிதான். 48 எங்கே, 17 எங்கே! தொட்டி அதே தொட்டி, குழாய் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிட்டது. பல கேம்களில் ஃப்ரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்குத் திரையில் வருகிற படங்களின் எண்ணிக்கை, ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இரண்டும் இன்று பழைய கார்டுகளின் குவியலில் ஒரே பெயரோடு கலந்து கிடக்கின்றன. விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இது ஏதோ ஒரு தடவை நடந்தது என்று நினைக்காதீர்கள். ஜிடிஎக்ஸ் 1060 என்று 2016இல் வந்த கார்டில் 6 ஜிபி ஒன்று, 3 ஜிபி ஒன்று. மெமரிதான் பாதி, மற்றதெல்லாம் ஒன்று என்றுதானே நினைப்போம்? இல்லை. 6 ஜிபி கார்டில் 1280 கோர், 3 ஜிபி கார்டில் 1152 கோர். ஏஎம்டி நிறுவனமும் இதற்குக் குறைந்ததில்லை. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 ஷேடர் இருக்க வேண்டும், கோர் மாதிரிதான் இதுவும். ஆனால் 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று ஒன்று உண்டு. பெயரில் 580, உள்ளே இருப்பது 570. அந்த '2048எஸ்பி' என்கிற வாலை விற்பனை விளம்பரத்தில் வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

இந்த வரிசையில் மிகவும் பேர்பெற்ற கதை ஜிடிஎக்ஸ் 970. 2014 செப்டம்பரில் வந்தது. 4 ஜிபி மெமரி, நொடிக்கு 224 ஜிபி என்று சொன்னார்கள். நல்ல கார்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வாங்கியவர்களில் சிலர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கேம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மெமரிப் பயன்பாடு மூன்றரை ஜிபி வரை ஏறுகிறது, அதற்கு மேல் போகத் தயங்குகிறது. மீறிப் போனால் ஆட்டம் திக்குகிறது. 2015 ஜனவரியில் என்விடியா விளக்கம் சொன்னது. அந்த 4 ஜிபி இரண்டு துண்டாக இருக்கிறது. மூன்றரை ஜிபி அகலக் குழாயில், நொடிக்கு 196 ஜிபி. மீதி அரை ஜிபி குறுகிய குழாயில், நொடிக்கு 28 ஜிபி. சிப்புக்குள்ளேயே இருக்கிற சின்ன வேக மெமரியான கேஷ் 2 எம்பி என்று முதலில் சொன்னதும் உண்மையில் 1.75 எம்பிதான். அமெரிக்காவில் வழக்காகி, கடைசியில் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். 4 ஜிபி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது. ஆனால் 970ஐ இன்றைக்கு ஒப்பிடும்போது மூன்றரை ஜிபி கார்டாக வைத்து ஒப்பிடுங்கள், கணக்கு சரியாக வரும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெயர் எப்போதும் நம் பக்கம் நஷ்டமாகத்தான் பொய் சொல்லும் என்றில்லை. 2016இல் வந்த ஆர்எக்ஸ் 480 கார்டில், முதலில் வந்த 4 ஜிபி கார்டுகள் சிலவற்றில் உள்ளே 8 ஜிபி சிப்பே இருந்தது. பயாஸ், அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கிற சின்ன மென்பொருள், பாதியைப் பூட்டி வைத்திருந்தது. பயாஸை மாற்றி மீதியைத் திறந்துகொண்டவர்கள் உண்டு. அதிர்ஷ்டம்!

சரி, தொட்டி நிரம்பி வழிந்தால் என்ன ஆகிறது? வழிகிறதெல்லாம் கம்ப்யூட்டரின் ராமுக்குப் போகும். தேவைப்படும்போது அங்கிருந்து மதர்போர்டு ஸ்லாட் வழியாகத் திரும்ப வர வேண்டும். கார்டைச் செருகுகிற ஸ்லாட்டுக்கு பிசிஐஇ என்று பெயர். அதில் மூன்றாம் தலைமுறை ஸ்லாட் முழு அகலத்தில், அதாவது 16 லேன் என்கிற 16 தடத்தில், நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி. ஆர்எக்ஸ் 580 தன் சொந்த மெமரியிலிருந்து எடுப்பது நொடிக்கு 256 ஜிபி. சமையலறை அலமாரியில் இருக்க வேண்டிய சாமானை ஒவ்வொரு தடவையும் மாடியிலிருந்து இறக்குகிற மாதிரி.

இந்தத் திக்கல் சராசரி எண்ணில் தெரியாது, அதுதான் சிக்கல். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லி நொடியில் வர வேண்டும். ஆனால் 59 ஃப்ரேம் முதல் அரை நொடியில் ஓடி வந்துவிட்டு, அறுபதாவது ஃப்ரேம் மீதி அரை நொடியையும் தின்றாலும் கணக்குப்படி அது 60தான். கண்ணுக்கு அது நின்று நின்று நகரும் வண்டி. அதனால் இரண்டு கார்டுகளை ஒப்பிடும் சோதனை முடிவுகளைப் பார்த்தால் சராசரியோடு நிறுத்தாதீர்கள். 'ஒரு சதவீத லோ' என்று ஒரு எண் இருக்கும். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் கணக்கு அது. சராசரி 60, லோ 48 என்றால் நிம்மதியாக ஆடலாம். சராசரி 65, லோ 20 என்றால் அந்தக் கார்டின் தொட்டி வழிகிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. கேம் திக்கினால் செட்டிங்ஸில் டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேல் ஒட்டுகிற படங்களின் தரத்தை முதலில் குறையுங்கள், அது தொட்டியைக் காலி செய்யும். திக்காமல், சீராக, ஆனால் மெதுவாக ஓடினால் நிழல்களையும் ரெசல்யூஷனையும் குறையுங்கள், அது சிப்பின் சுமையைக் குறைக்கும். இரண்டும் வேறு வேறு நோய். 8 ஜிபி உள்ள பழைய கார்டில் டெக்ஸ்சரை உயரத்திலேயே விட்டுவிட்டு மற்றதைக் குறைத்தால், படம் பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால்தான் 4 ஜிபி ஆர்எக்ஸ் 580ஐயும் 8 ஜிபி ஆர்எக்ஸ் 570ஐயும் பக்கத்தில் வைத்தால், 1080பி திரைக்கு நான் 570ஐத்தான் சொல்வேன். சிப் கொஞ்சம் சின்னது, இருக்கட்டும்.

புதியது என்றால் நல்லது என்பதும் இங்கே எப்போதும் செல்லாது. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி மெமரி, ஸ்லாட்டோடு பேசுவது 4 லேனில் மட்டும். நான்காம் தலைமுறை ஸ்லாட் உள்ள மதர்போர்டில் சமாளிக்கும். பழைய மூன்றாம் தலைமுறை போர்டில் செருகினால் அந்த வழி நொடிக்கு சுமார் 4 ஜிபிக்குக் குறுகிவிடும். தொட்டியும் சின்னது, மாடிப்படியும் குறுகல். பழைய போர்டு வைத்திருப்பவர்களைக் குறிவைத்த விலையில் வந்த கார்டு, பழைய போர்டில்தான் சரியாக ஓடாது!

விலைக்கு வருவோம். கேட்கிற விலையைச் சராசரி ஃப்ரேமால் வகுத்து, எதில் குறைவாக வருகிறதோ அதை வாங்குவது பலரும் செய்கிற கணக்கு. லோ எண்ணால் வகுத்துப் பாருங்கள், வரிசையே மாறும். அதோடு மின்சாரத்தையும் சேருங்கள். ஆர்9 390 என்கிற 2015ஆம் ஆண்டுக் கார்டும் 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் கேமில் கிட்டத்தட்ட ஒரே வேகம். முன்னது 275 வாட், பின்னது 120 வாட். வித்தியாசம் 155 வாட். தினமும் நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு வருடத்தில் 226 யூனிட். அந்த 226 யூனிட் உங்கள் பில்லில் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டு, மலிவு எது என்று முடிவு செய்யுங்கள்.

பவர் சப்ளையும் அப்படித்தான். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஆறு பின் கனெக்டர் இன்னொரு 75, எட்டு பின் கனெக்டர் 150. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை 75 வாட் கார்டுகள். பல மாடல்களுக்குத் தனி ஒயரே வேண்டாம், பவர் சப்ளையை மாற்ற முடியாத சின்னப் பெட்டிகளுக்கு அவைதான் பொருத்தம். பவர் சப்ளையில் ஆறு பின் இல்லையே என்று, ஹார்டு டிஸ்க்குக்குப் போகிற சாட்டா ஒயரில் அடாப்டர் போட்டு இழுக்கிறார்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட். கார்டு கேட்கக்கூடியது 75. பிளாஸ்டிக் உருகுவது அங்கேதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை வந்துவிட்டது. சோதித்து வாங்குவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். ஜிபியு-இசட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டைச் செருகி அதைத் திறந்து கோர் எண்ணிக்கை, மெமரி வகை, குழாயின் அகலம் மூன்றையும் பாருங்கள். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதிய போலிகள் பலவற்றை அதுவே 'ஃபேக்' என்று காட்டிக்கொடுக்கும். பிறகு கனமான கேம் ஒன்றை 20 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறினால் பெரும்பாலும் மெமரி சிப் போய்விட்டது, வேண்டாம். ஓவனில் சுட்டால் சரியாகும் என்பார்கள். சில வாரத்துக்குச் சரியாகலாம், புகை நல்லதல்ல, அந்த ஓவனில் பிறகு சமைக்கவும் கூடாது. சூடு மட்டும் அதிகம் என்றால் பயப்பட வேண்டாம், சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்கிற உலோகத்துக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதை மாற்றினால் பெரும்பாலும் இறங்கும். மெமரி மேல் அதே வேலையைச் செய்கிற மெத்தென்ற தெர்மல் பேடை மாற்றும்போது பழைய தடிமனே இருக்கட்டும். தடித்த பேடு வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது. கிரிப்டோ மைனிங்கில், அதாவது டிஜிட்டல் நாணயம் ஈட்டுகிற கணக்குகளில், ஓடிய கார்டு என்றால் ஃபேனையும், பயாஸ் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக டிரைவர், அதாவது கார்டை இயக்குகிற மென்பொருள். ஆர்9 390 வரையிலான பழைய ஏஎம்டி கார்டுகளுக்கு 2021இலேயே வழக்கமான டிரைவர் ஆதரவு நின்றுவிட்டது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடிஎக்ஸ் 1650 அதற்கு அடுத்த தலைமுறை, அதனால் இந்தப் பட்டியலில் இல்லை. ஒளிக்கதிர் போகிற வழியைக் கணக்கிட்டுப் படம் வரைகிற ரே டிரேசிங் வசதி கார்டில் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காத கேம்களும் வருகின்றன. அப்படிப்பட்டதை ஆட வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 2060இலிருந்து தேட ஆரம்பியுங்கள். அதில் 6 ஜிபி ஒன்று, 12 ஜிபி ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. கோர் எண்ணிக்கையும் ஒன்றல்ல. வணக்கம்.