பிரிட்டிஷ் மூதாதையரைத் தேடுவோர் வழியில் இரண்டு தீ

(திரையில்: லண்டன் வரைபடம். தெற்கே வால்வொர்த் பகுதி சிவப்பாக மாறுகிறது.)

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் தரைப்படையில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் பணிக் கோப்பைத் தேடினால், கிடைக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டுகள், ஆர்ன்சைட் தெருவில் இருந்த போர் அலுவலகக் கிடங்கைக் கொளுத்தின. சிப்பாய்களின் கோப்புகளில் சுமார் 60 சதவீதம் சாம்பல். மிஞ்சியவை ஓரம் கருகி, தண்ணீரில் ஊறியவை. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றை ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அழைக்கிறார்கள்.

(திரையில்: பழைய பதக்க அட்டை.)

கோப்பு இல்லையென்றால், வீரருக்கு உரிய போர்ப் பதக்கங்களைக் குறித்துவைத்த பதக்க அட்டையைத் தேடுங்கள். பெயர், பதவி, ரெஜிமென்ட் (படைப்பிரிவு), சிப்பாயின் பணி எண் ஆகியவை அதில் இருக்கும். ஆனால் கடல் கடக்காமல் பிரிட்டனுக்குள்ளேயே பணியாற்றியவருக்குப் பொதுவாக அட்டை இருக்காது. எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. 1920 வரை தரைப்படை முழுவதற்கும் பொதுவான எண் கிடையாது. ரெஜிமென்ட் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே எண்ணை ரெஜிமென்ட்டோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஜான் ஸ்மித் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குவது வீண் வேலை.

வீட்டு முகவரி மட்டும்தான் தெரியுமா? 1918 தேர்தலுக்காக, போர்ப் பணியில் இருந்த வாக்காளர்களின் பட்டியல் தனியாகத் தயாரிக்கப்பட்டது. தெருவைப் பிடித்தால் ரெஜிமென்ட்டும் எண்ணும் கிடைக்கலாம். எல்லா ஊர்ப் பட்டியல்களும் தப்பவில்லை. தப்பிய இடத்தில் அது பொக்கிஷம்.

ரெஜிமென்ட்டுக்குள் அவர் எந்தப் பட்டாலியனில் இருந்தார் என்பது தெரிந்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பைப் படியுங்கள். சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் அரிதாகவே வரும். ஆனாலும் அவருடைய பட்டாலியன் எந்த நாளில் எந்தப் பதுங்குகுழியில் இருந்தது என்பது தெரியும்.

(திரையில்: 1939 பதிவேட்டின் பக்கம். சில வரிகள் கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கின்றன.)

இரண்டாவது தீக்கும் எதிரிக்கும் தொடர்பில்லை. 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்தில் நடந்த விபத்தில், இங்கிலாந்து, வேல்ஸின் 1931 மக்கள்தொகைக் கணக்கு முழுவதும் எரிந்தது. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், அவர்களுடைய 1931 கணக்கு தப்பியது.

அந்த நீண்ட இடைவெளியை நிரப்புவது, அடையாள அட்டை வழங்குவதற்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு. முழுப் பிறந்த தேதி, தொழில், சிலருக்கு வான்தாக்குதல் காவலர் போன்ற பணிக் குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. நாள் முழுக்க உழைத்த இல்லத்தரசிகளைச் ‘சம்பளமில்லா வீட்டு வேலை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்! இருந்தாலும் பாட்டிகளைத் தேட இதைவிட நல்ல இடம் குறைவு. பின்னாளில் தேசியச் சுகாதாரச் சேவையும் இதே பதிவேட்டைப் பயன்படுத்தியதால், திருமணமான பெண்களின் புதிய குடும்பப்பெயர் பழையதன் மேலேயே எழுதப்பட்டது. கறுப்பு வரிகள், இன்னும் உயிரோடு இருக்கக்கூடியவர்களுடையவை. ஏற்கெனவே படை முகாம்களில் இருந்தவர்கள் இதில் இல்லை.

அவர்களுக்குப் பணிக் கோப்புதான் வழி. இரண்டாம் உலகப் போர்க் கோப்புகள் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறி வருகின்றன. விண்ணப்பிக்கும் முன், உங்களுக்கு வேண்டிய கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.