தோற்ற அன்று தெரிந்த தலைவன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

விளையாட்டு வீரனின் பெருமை வெற்றியிலா, பண்பிலா? பண்பில்தான் என்று பேச வந்தேன். ஆனால் எதிரணி நண்பர் ஒரு குத்தல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "பெருந்தன்மை பேசுவதெல்லாம் கையாலாகாதவன் சொல்லும் சாக்கு." முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

டேவ் கல்லஹர். அயர்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே நியூசிலாந்துக்குப் போனவர். 1905இல் பிரிட்டனுக்கு வந்த ஆல் பிளாக்ஸ், அதாவது நியூசிலாந்து ரக்பி அணியின் தலைவர். முதல் ஆட்டத்திலேயே டெவன் அணியை 55-4 என்று புரட்டி எடுத்தார்கள். அந்தப் பயணத்தில் ஆடியது 35, வென்றது 34. இவரா கையாலாகாதவர், நண்பரே?

அந்த மிச்சம் ஒன்றுக்கு வருகிறேன். டிசம்பர் 16, கார்டிஃப். வேல்ஸ் 3-0 முன்னிலை. நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் பந்தோடு பாய்கிறார், கோட்டருகே விழுகிறார். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது டிரை. அது டிரை என்றால் 3 புள்ளி, ஆட்டம் சமன்! நடுவரோ பின்னால் ஓடி வந்துகொண்டிருக்கிறார். "கோட்டைத் தாண்டி வைத்தேன், வெளியே இழுத்துவிட்டார்கள்" என்கிறார் டீன்ஸ். "எட்டவே இல்லை" என்கிறது வேல்ஸ். நடுவர் டிரை தரவில்லை. ஒரு ரன் அவுட் சந்தேகத்துக்கே மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே போனது 35க்கு 35 என்ற முழு வெற்றி! கல்லஹர் என்ன சொன்னார்? சிறந்த அணி வென்றது என்றார். அவ்வளவுதான். நடுவர் அவர்களே, இப்படி ஒரு தலைவர் கிடைத்தால் தீர்ப்புச் சொல்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்!

நூறு வருஷம் தாண்டியும் அந்த டிரைக்காக வாதாடுகிறார்கள். அவர் வாதாடவில்லை.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. கல்லஹர் ஏற்கெனவே தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் சண்டையிட்டவர். மனைவி, சின்ன மகள், நாற்பதைத் தாண்டிய வயது. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே பெயர் கொடுத்தார். 1916இல் தம்பி டக்ளஸ் பிரான்சில் பலியானார். 1917 அக்டோபர் 4, பெல்ஜியத்தின் பாஷண்டேல் போர்க்களம். குண்டுச் சிதறல் ஒன்று இவருடைய தலைக்கவசத்தைத் துளைத்தது. அன்றே உயிர் போனது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு தம்பி ஹென்றியும் போனார். ஒரு வீட்டில் மூன்று பேர், ஐயா!

பட்டாளத்துக்கு வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார். 43 வயதில் இறந்தவரின் கல்லறையில் இன்றும் 41 என்றுதான் இருக்கிறது. நியூசிலாந்தின் பெரணி இலைச் சின்னம் பொறித்த அந்தக் கல்லைத் தேடி ஆல் பிளாக்ஸ் வீரர்கள் பெல்ஜியத்தின் பாப்பரிங்கே வரை போகிறார்கள். கையாலாகாதவனைத் தேடியா போகிறார்கள், நண்பரே?

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.