யாரிடம் அனுப்புவது?

நேயர்களுக்கு வணக்கம். சமூகப் பணியாளர் என்றதும் நிவாரணப் பொதி கொடுப்பவர்தான் பலருடைய நினைவுக்கு வருவார். எங்கள் வேலையில் பெரும்பங்கு, வந்தவரைச் சரியான ஆளிடம் அனுப்பி வைப்பது.

கொழும்பு மட்டக்குளியில் ஒரு தாய். மகனுக்கு 17 வயது, பிறந்ததிலிருந்தே நடக்க இயலாது. மாதாந்தக் கொடுப்பனவு கேட்டுப் போன இடத்தில் "இது இங்கே இல்லை" என்றார்கள். அடுத்த இடத்தில் வைத்தியச் சான்றிதழ் கேட்டார்கள். அதைக் கொண்டுபோனால், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எங்கே என்றார்கள். ஒவ்வொரு முறையும் பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முச்சக்கரவண்டிக்குக் கடன் வாங்கிப் போயிருக்கிறார். எங்களிடம் வந்தபோது கையில் ஒரு பொலித்தீன் பை நிறையக் கடதாசி. தேவையான எல்லாமே அதற்குள் இருந்தது. "மிஸ், எல்லாரும் நல்லாத்தான் கதைச்சாங்க. எங்க போறதுன்னு ஒருத்தரும் சொல்லல்ல" என்றார். அவர் பார்த்திருக்க வேண்டியது பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரை. அவ்வளவுதான்.

அதனால்தான் எங்கள் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் ஒரு கொப்பி வையுங்கள் என்று ஓயாமல் சொல்கிறேன். சிறுவர் விடயத்துக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநலத்துக்கு 1926. இந்தத் தொலைபேசி இலக்கங்கள் மனப்பாடமாக இருக்கட்டும். ஆனால் இலக்கம் மட்டும் போதாது. எந்த நாளில் போக வேண்டும், என்னென்ன கடதாசி வேண்டும், அங்கே தமிழில் கதைக்க ஆள் உண்டா என்பதையும் எழுதுங்கள். கொழும்பில் இந்தக் கடைசிக் கேள்விதான் பலரை அரைநாள் காக்க வைக்கிறது. மீண்டும் சொல்கிறேன்: தமிழில் கதைக்க ஆள் உண்டா என்று எழுதுங்கள். உத்தியோகத்தர்களுக்கு இடமாற்றம் வரும், ஆகவே அடிக்கடி அழைத்துச் சரிபாருங்கள்.

ஓர் அரசாங்கச் சுற்றுநிருபம் கிடைக்கவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தரிடம் எழுதிக் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். எங்கள் ஆட்களே இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

தனி ஆளின் கொப்பி அவரோடு போய்விடும். தொழில்சார் சங்கம் தேவைப்படுவது இங்கேதான். இன்னொரு காரணமும் உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளையின் விபரத்தை ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் வந்து கேட்டால், தனியாக நின்று "முடியாது" என்று சொல்வது லேசில்லை. எங்கள் தொழிலின் ஒழுக்கக்கோவை இடம் தராது என்று காட்ட முடிந்தால், பின்னால் ஒரு கூட்டமே நிற்கிற தைரியம் வரும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமூகப் பணியின் ஒழுக்கநெறிகளையும், 2014இல் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணத்தையும் சர்வதேச சமூகப் பணியாளர் சம்மேளனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. மார்ச் மாதத்தின் மூன்றாம் செவ்வாய் உலக சமூகப் பணி தினம். அன்று கூட்டம் வைப்பவர்கள், பேச்சுக்களைக் குறைத்துக்கொண்டு, ஆளாளுக்குக் கொப்பிகளை மாற்றிப் பழைய இலக்கங்களைத் திருத்திக்கொள்ள ஒரு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள். நன்றி, வணக்கம்.