எனக்கு எந்த வேலை சரிப்படும்? மாற்றுத்திறனாளி நண்பர்களுக்காக ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, டிகிரி முடித்துவிட்டேன். ஒரு கால் வராது. எனக்கு எந்த வேலை சரிப்படும்?" இதையே வேறு வேறு விதமாக நிறையப் பேர் கேட்கிறீர்கள். இன்றைக்கு இதை மட்டும் பேசுவோம்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். போலியோ வந்த கால். கேலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கருவி, போட்டு நடக்கிறேன். மில் கணக்கு என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். அப்படியில்லை. எடை மேடையில் லாரி ஏறினால் சீட்டு போட வேண்டும், நெல்லின் ஈரப்பதம் குறிக்க வேண்டும், குடோனில் மூட்டை எண்ண வேண்டும், பேங்குக்குப் போய்வர வேண்டும். அப்புறம்தான் கம்ப்யூட்டரில் டேலி கணக்கு. சம்பா அறுவடை சமயத்தில், தை மாசியில், இவ்வளவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

இதில் என்னால் ஆகாதது ஒன்றுதான். அடுக்கின் மேல் ஏறி மூட்டை எண்ண முடியாது. லோடுமேன் அண்ணன் எண்ணி, போட்டோவோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அவர்களுடைய கூலிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். முதலாளிக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி, ஒரு வேலையின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு முடியும், முடியாது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வேலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எது உங்களால் ஆகும், எதை மாற்றிக் கொடுத்தால் ஆகும் என்று முதலாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது சலுகை கேட்பது ஆகாது. 2016ஆம் ஆண்டு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே, ஊழியருக்குத் தேவையான, நியாயமான மாற்றங்களைச் செய்து தருவதைப் பற்றிப் பேசுகிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம்கூட, எந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, என்ன வசதி தரப்படும் என்று சமவாய்ப்புக் கொள்கை எழுதி வைத்திருக்க வேண்டும். நேர்காணலில் அதைக் கேளுங்கள்.

சேருவதற்கு முன் இடத்தையும் ஒருமுறை நேரில் பாருங்கள். முன்பு எனக்கு ஒரு ஆபீசில் வேலை கிடைத்தது. மாடியில் இருந்தது, லிப்ட் இல்லை. கீழே ஒரு மேசை போடக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். இன்னொன்று, கழிப்பறை. தங்கச்சிகள் பலர் எனக்கு எழுதுவது இதைத்தான்: ஆபீசில் போக வசதியில்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்கிறார்கள். படிக்கும்போதே மனசு பதறுகிறது. தயவுசெய்து கூச்சப்படாமல் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பஸ்ஸும் அப்படித்தான். நம் ஊர் டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, சரி. படி உயரத்துக்கு என்ன செய்வது? சைடு வீல் வண்டி இருந்தால் வேலை தேடும் எல்லையே விரிந்துவிடும். இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே கொடுக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

அரசு வேலைக்குப் படிப்பவர்களுக்கு: 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. முன்பு 3 சதவீதமாக இருந்தது. எல்லாப் பதவியும் எல்லா வகை ஊனத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்காது. டிஎன்பிஎஸ்சி அறிவிப்பில் உங்கள் வகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உதவித்தொகைதான் வருதே, எதுக்கு அலையணும்" என்று பாசத்தில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் சம்பள நாளன்று அம்மா கையில் பணத்தைக் கொடுக்கும் சந்தோஷத்தை உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை தராது.

யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை, இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். எங்கேயாவது இழுத்தடித்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் மனு கொடுங்கள். கையால் எழுதினாலே போதும். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.