ஆணை அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில் வீட்டு வன்முறைக்கு எதிராக, 'இனி துன்புறுத்தாதே' என்று கட்டளையிட்டு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் தரும் பாதுகாப்பு ஆணையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இது புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டமும் அதற்கு 2021-இல் வந்த திருத்தமும் அப்படிச் சொல்லவில்லை. மாமியார், மருமகள், பழகிப் பிரிந்தவர், ஒரே கூரையின் கீழ் இருப்பவர் எல்லாரும் கேட்கலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் போதைக்காக அம்மாவின் பென்ஷன் பணத்தைப் பிடுங்கும் மகன்மேலும் கேட்கலாம். "பெற்ற பிள்ளையை ஜெயிலில் போடுவதா?" என்று தயங்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்கிறேன்: ஆணை வாங்குவதால் அவன் குற்றவாளி ஆகிவிட மாட்டான். அதை மீறினால்தான் குற்றம்.

கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டுக்கே போகலாம். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தவர் அங்கேயே மனு கொடுக்கலாம். அவசரமென்றால் கோர்ட் நேரத்துக்கு வெளியிலும் மனுவை எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு.

மனுவோடு, நடந்ததைச் சத்தியம் செய்து சொல்லும் சத்தியப் பத்திரம் (அஃபிடவிட்) எழுத வேண்டும். "அவர் ரொம்பக் கொடுமைக்காரர்" என்று எழுதினால் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் பிடிமானம் இல்லை. கடைசியாக நடந்தது, மிக மோசமாக நடந்தது, இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். திட்டிய வார்த்தை கூசினாலும் அப்படியே எழுதுங்கள். கிளினிக் சீட்டு, வாட்ஸ்அப் மிரட்டல், காயத்தின் படம் இருந்தால் சேருங்கள். துப்பாக்கி வைத்திருந்தால் மறக்காமல் குறிப்பிடுங்கள். அதைப் பறிமுதல் செய்ய கோர்ட் உத்தரவிடலாம். நீங்கள் ஒளிந்திருக்கும் முகவரி ஆணையில் வரக்கூடாது என்றும் கேட்கலாம்.

ஆபத்து உடனடியானது என்று கோர்ட்டுக்குத் தோன்றினால், எதிராளியைக் கேட்காமலே இடைக்கால ஆணை கிடைக்கும். பலர் தவறுவது இங்கேதான். தாள் கைக்கு வந்ததும் பெட்டியில் பூட்டி வைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்படி ஓர் ஆணை இருப்பது அவருக்குத் தெரியாத வரை அதை வைத்து அவரைப் பிடிக்க முடியாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஷெரிஃப் (கோர்ட் தாள்களைக் கொடுக்கும் அதிகாரி) அல்லது போலீஸ் வேலை. செலவுக்கு வழியில்லாதவருக்கு அரசு செலவு செய்யும். ஆனால் ஆளைக் காணவில்லை என்று தாள் திரும்பி வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். அதனால் வீட்டு முகவரியோடு நிற்காதீர்கள். அவர் வேலை செய்யும் இடம், ஷிஃப்ட் நேரம், சனிக்கிழமை உட்காரும் இடம், அண்ணன் வீடு எல்லாம் எழுதிக் கொடுங்கள். சேர்ந்ததா என்று கோர்ட் கிளார்க்கிடம் நீங்களே விசாரியுங்கள். விசாரணை நாள், தாள் சேர்ந்து குறைந்தது 10 நாள் கழித்துத்தான் வரும். அன்றைக்கு நீங்கள் போகாமல் இருந்துவிடக்கூடாது. ஆணை சரியாகச் சேர்ந்தும் அவர் வராவிட்டால், இருக்கும் சாட்சியத்தை வைத்தே இறுதி ஆணை பிறப்பிக்கலாம். கோர்ட் ரத்து செய்யும் வரை அதற்குக் காலாவதி இல்லை. நாடு முழுக்கச் செல்லும்.

ஆணையோடு கைது வாரண்ட் ஒன்றும் வரும். அவர் ஆணையைக் கடைப்பிடிக்கும் வரை அந்த வாரண்ட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். மீறினால் அந்த வாரண்டையும், என்ன நடந்தது என்று எழுதிய சத்தியப் பத்திரத்தையும் போலீஸிடம் கொடுக்க வேண்டும். ஒருமுறை கைதானதும் அந்த வாரண்ட் முடிந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கிளார்க்கிடம் சத்தியப் பத்திரம் கொடுத்து இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்துபோனாலும் இதே வழிதான்.

பிறகு சமாதானமாகி, பெரியவர்கள் பேசி அவரை வீட்டுக்குள் விட்டாலும் ஆணை தானாகப் போய்விடாது. வேண்டாமென்றால் கோர்ட்டில்தான் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் மனதார, யார் வற்புறுத்தலும் இல்லாமல் கேட்கிறீர்களா என்று மாஜிஸ்ட்ரேட்டுக்குத் திருப்தியாக வேண்டும். அண்ணியும் மாமியாரும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தால், அதையும் அவரிடம் சொல்லலாம். அரசின் வன்முறை உதவி மையத்தோடு எந்த நேரத்திலும் பேச இலவச எண் 0800 428 428.