மயிலிட்டிக்கு ஒரு மின்பந்தல்

வணக்கம் நேயர்களே.

1990 யூன் மாதம் போரால் உடுத்த துணியோடு வெளிக்கிட்ட யாழ்ப்பாணத்து மயிலிட்டிச் சனத்துக்கு, துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 யூலையில். இடையில் 27 வருடம். அந்தக் கரையில் பொதுசனத்துக்கென்று ஒரு கலைப்படைப்பு எழுப்புவதென்றால் அது வெறும் நினைவுச்சின்னமாக நிற்கக்கூடாது. வலை பொத்துகிறவர்களுக்கு நிழலும், இரவில் வெளிச்சமும், ஊர்ச் சங்கத்துக்கு வருமானமும் அது தரவேண்டும். அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் நெடுஞ்சாலையோரம் 2009இல் 15 சோலர் பூக்களை நட்டார்கள். பகலில் நிழல், இரவில் ஒளி. நமக்குப் பூ வேண்டாம், சோலர் பனலால் கூரை வேய்ந்த பந்தல் போதும்.

550 வாற்று பனல் 10 எடுத்தால் 26 சதுர மீற்றர் கூரை கிடைக்கும். எங்கள் வெயிலுக்கு நாளொன்றுக்கு 20 யூனிற் அளவில் எதிர்பார்க்கலாம். தெற்குப் பார்த்து 10 பாகை சரிவு வையுங்கள். அதிலும் குறைந்தால் மழைநீர் ஓடாமல் கீழ் விளிம்பில் அழுக்குத் தேங்கும்.

கலைஞர்கள் வழமையாகப் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. மேலே கொடிக்கம்பம், மீன், பாய்மரம் என்று எதையாவது நிறுத்த ஆசைப்படுவார்கள். பனலின் ஒரு மூலையில் கையகல நிழல் விழுந்தாலே அந்தப் பனலின் மூன்றில் ஒரு பங்கு வேலைசெய்யாமல் போகலாம். "வடக்குப் பக்கம் வைத்தால் நிழல் விழாதே" என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்கு அது சரிவராது. சித்திரை முதல் ஆவணி வரை நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஆகவே கண்ணாடிக்கு மேலே எதுவும் வேண்டாம். தூணிலும், பந்தலின் அடிப்பக்கத்திலும் வேலைப்பாடு செய்யுங்கள். கீழே இருந்து வலை பொத்துகிறவர் அண்ணாந்து பார்க்கும் இடம் அதுதானே.

நிலத்தில் கோலம்போல நிழல் விழவேண்டுமென்றால், இரண்டு கண்ணாடிக்கு நடுவே மின்சாரம் உண்டாக்கும் கலங்களை இடைவெளிவிட்டுப் பதித்த பனல் இருக்கிறது. பாதி இடைவெளி விட்டால் மின்சாரமும் ஏறத்தாழப் பாதிதான். அதைச் சாதாரண பனலோடு ஒரே வரிசையில் தொடுக்கவேண்டாம், மின்னோட்டம் குறைந்த பனல் மற்றதையும் கீழே இழுத்துவிடலாம். பனல் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டரில் தனி உள்ளீடு கொடுங்கள்.

அடுத்தது காற்று. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் புயல் அடித்தால் சதுர மீற்றருக்கு 95 கிலோ அளவு விசை வரும். முழுப் பந்தலையும் இரண்டரைத் தொன் விசை மேலே தூக்கப் பார்க்கும். பனல்களின் பாரமோ 280 கிலோதான். நாலு தூணுக்கும் 75 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழத்தில் கொங்கிறீற் பாதம் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு தொன் வரும். ஒற்றைத் தூணில் நிறுத்தினால் இந்தக் கணக்குப் போதாது, பொறியியலாளர் பார்த்தே ஆகவேண்டும்.

பாதத்துக்கு நிலம் வெட்டும்போது சுண்ணக்கல் தட்டும். கல்லைத் துளைத்துக் கம்பியை எபொக்சிப் பசை ஊற்றி இறுக்கலாம். சிக்கல், கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் நிலத்தொடுப்பில்தான். செப்புக்கம்பி கல்லுக்குள் இறங்காது. அதனால் அரைக்கம்பியை வெட்டி விட்டுவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். இதை விடக்கூடாது: பொதுசனம் கைவைக்கிற இரும்பு அது. கிணறு துளைக்கும் இயந்திரத்தால் துளையிட்டு, பென்ரனைற் களியை நிரப்பிக் கம்பியை இறக்குங்கள். நிலத்தொடுப்பின் தடை 10 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று ஆடி ஆவணி வறட்சியில் அளவெடுங்கள். மாரியில் ஈரநிலம் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

உப்புக்காற்றுக்கு 316 தரத் துருவேறா உருக்கு ஆணிகள் வேண்டும். அலுமினியச் சட்டமும் நாகமுலாம் பூசிய இரும்பும் நேரே தொட்டால் தொட்ட இடத்தில் வெள்ளைப்பொடி பூத்து அரிக்கும். இடையில் றப்பர் வளையம் கொடுங்கள்.

பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். மின்கம்பியில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வெளிச்சம் நிற்கக்கூடாதென்றால் 5 யூனிற் கொள்ளளவுள்ள லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி ஒன்றும், அதோடு இயங்கக்கூடிய இன்வேட்டரும் சேருங்கள். 20 வாற்று விளக்கு எட்டு, பன்னிரண்டு மணிநேரம் எரிய 2 யூனிற் போதும். மிச்சம் போன் சார்ஜ் பண்ணவும், மின் விநியோக நிறுவனத்துக்கு விற்கவும்.

விற்கிற காசு மீற்றர் யார் பெயரிலோ அவர் கணக்குக்குத்தான் போகும். ஆகவே முதல் பாதம் வெட்டுமுன்னமே காணி அனுமதியும் மீற்றரும் ஊர்ச் சங்கத்தின் பெயரில் எழுத்தில் வரவேண்டும். காணியை இழந்து 27 வருடம் காத்திருந்த சனம், தங்கள் கரையில் விளையும் மின்சாரத்துக்கும் இன்னொருவரிடம் கைநீட்டக்கூடாது.

கழுவும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மீன் இறங்குகிற கரையில் காகம் குறையாது, எச்சம் காய்ந்த கலம் சூடேறிக் கருகலாம். மாதம் இருமுறை, காலை ஏழு மணிக்கு முன், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். எங்கள் கிணற்றுநீர் காய்ந்தால் வெள்ளைச் சுண்ணாம்புப் படை விடும். பந்தலிலிருந்து வடியும் மழைநீரை ஒரு தாங்கியில் பிடித்து வைத்தால் அதுவே கழுவப் போதும்.